உங்களுக்குத் தெரியுமா? அப்பா ஆகும் வேலை 3 மாதம் முன்பே ஆரம்பம்!

ஒரு விந்தணு உருவாக எத்தனை நாள் ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்? சுமார் 74 நாள்! அதற்குப் பிறகு முதிர்ந்து, நீந்தும் திறன் பெற்று வெளியே வர இன்னும் இரண்டு வாரம் வரை! ஆக, இன்று கருவாகும் குழந்தைக்கு அப்பா கொடுக்கும் பங்கு, ஏறக்குறைய 3 மாதத்துக்கு முன்பே தயாராக ஆரம்பித்துவிட்டது!

உற்பத்தி வேகம் தெரியுமா? ஆரோக்கியமான ஆணின் உடம்பில், நொடிக்கு 1,000-க்கும் மேல்!

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று ஊரே பெண்ணைத்தான் கேட்கும். ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது! மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிடுவது எந்த ஊர் நியாயம்? முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள்!

விரைப்பை ஏன் உடம்புக்கு வெளியே இருக்கிறது? உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும்!

அந்த 2 டிகிரியை இழப்பது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். 2005-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் 29 இளைஞர்களை உட்காரவைத்து, மடியில் லேப்டாப்பைக் கொடுத்தார்கள். ஒரே மணி நேரம்! விரைப்பையின் சூடு 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறிவிட்டது! இன்னொரு ஆச்சரியம். லேப்டாப்பே இல்லாமல், அதே மாதிரி தொடையை ஒட்டிவைத்து உட்கார்ந்ததற்கே 2.1 டிகிரி!

மடியில் வேண்டாம். மேஜையில் வையுங்கள்!

இத்தாலியில் ஆண்கள் 10 பேர், 80 முதல் 90 டிகிரி சூட்டில் பின்லாந்து பாணி நீராவிக் குளியல் போட்டார்கள். வாரம் 2 முறை, தடவைக்கு 15 நிமிடம், 3 மாதம். விந்தணு எண்ணிக்கையும் குறைந்தது, நீந்தும் வேகமும் குறைந்தது! குளியலை நிறுத்தினார்கள். 6 மாதத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது!

இறுக்கமான ஜட்டியா, தொளதொள பாக்ஸரா? அமெரிக்காவின் பாஸ்டனில் 656 ஆண்களை ஆராய்ந்து 2018-ல் முடிவு சொன்னார்கள். தொளதொள ஆசாமிகளுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகம்!

சுவிட்சர்லாந்தில் 18 முதல் 22 வயது வரையிலான 2,886 இளைஞர்கள். செல்போனை அபூர்வமாகத் தொட்டவர்களுக்கு ஒரு மில்லி விந்தில் 5 கோடியே 65 லட்சம் விந்தணு. தினமும் 20 தடவைக்கு மேல் எடுத்தவர்களுக்கு 4 கோடியே 45 லட்சம்! ஆனால் எல்லோரும் பயப்படும் அந்த பேன்ட் பாக்கெட் இருக்கிறதே, போனை அங்கே வைப்பதற்கும் இந்தக் குறைவுக்கும் தொடர்பே தெரியவில்லை!

இப்போது சொல்லப்போவதை ஜிம்முக்குப் போகும் ஒவ்வொரு தம்பியும் படித்தே ஆகவேண்டும். ஆண்மை ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் தெரியுமல்லவா? அதை ஊசியாகப் போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் அதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்திருக்கிறது! 7 நாடுகள், 271 ஆண்கள், வாரம் 200 மில்லிகிராம். 1990-ல் முடிவு வந்தது. 6 மாதத்துக்குள் 157 பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்!

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "சரக்கு நிறைய இருக்கிறது" என்று மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். உள்ளே உற்பத்தி படுத்துவிடும். புஜத்தை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் செய்வதும் இதே வேலைதான்! நிறுத்தினாலும் உற்பத்தி பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட ஆகும். பிள்ளை வேண்டும் என்றால் அந்த ஊசிப் பக்கமே போகாதீர்கள்!

1977, கலிபோர்னியாவின் லாத்ராப். ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். "நம்ம ஆட்கள் யார் வீட்டிலேயும் குழந்தையே பிறக்கவில்லையே!" பரிசோதித்தால் பலருக்கு விந்தணுவே இல்லை! காரணம், டிபிசிபி என்ற ரசாயனம். 1979-க்குள் ஹவாய் தீவின் அன்னாசித் தோட்டங்கள் தவிர, அமெரிக்கா முழுக்கத் தடை! மனிதர்களிடம் இந்தப் பாதிப்பை முதலில் கவனித்தது எந்த விஞ்ஞானியும் இல்லை. தொழிலாளிகளின் அரட்டை!

வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்த அமெரிக்க இளைஞர்களுக்கு, டிவியே பார்க்காதவர்களைவிட விந்தணு அடர்த்தி 44 சதவீதம் குறைவு!

டென்மார்க்கில் உடல்பருமன் கொண்ட 56 ஆண்கள் 8 வாரம் கடுமையான டயட்டில் இருந்தார்கள். சராசரியாக 16.5 கிலோ குறைந்தது. விந்தணு அடர்த்தி? கிட்டத்தட்ட 50 சதவீதம் ஏறியது!

தினம் 75 கிராம் வால்நட், 12 வாரம். கலிபோர்னியாவில் 117 இளைஞர்களிடம் நடந்த சோதனையில், வால்நட் தின்றவர்களின் விந்தணு வேகமும் வடிவமும் மேம்பட்டன! ஆனால் ஃபோலிக் ஆசிட், ஜிங்க் மாத்திரை? 2,370 தம்பதிகளை வைத்து அமெரிக்காவில் பெரிதாகச் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு, குழந்தைப் பேற்றில் ஒரு முன்னேற்றமும் இல்லை!

எண்ணிக்கை மட்டுமல்ல, அப்பாவின் பழைய பழக்கம் பிள்ளையிடமும் தெரியலாம். 11 வயதுக்கு முன்பே சிகரெட் பிடிக்க ஆரம்பித்த அப்பாக்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதி ஆய்வில் 166 பேர் அகப்பட்டார்கள். அவர்களுடைய மகன்கள் 9 வயதில் மற்றப் பையன்களைவிடக் குண்டு! மகள்களிடம் அந்த வித்தியாசம் இல்லை!

20 வயது அப்பா குழந்தைக்குக் கொடுக்கும் புதிய மரபணு மாற்றங்கள் சுமார் 25. 40 வயது அப்பா? சுமார் 65! ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் 2012-ல் எண்ணிச் சொன்ன கணக்கு இது.

பரிசோதனைக்குப் போகிறீர்களா? கடந்த 3 மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதுவும் எண்ணிக்கையைக் குறைக்கும்! ரிப்போர்ட்டில் "சரியான வடிவம் 5 சதவீதம்" என்று பார்த்ததும் இடிந்துபோய் உட்காராதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் எல்லையே 100-க்கு 4 தான்!