லிவிங்ஸ்டனைத் தேடிப் போன நிருபர்

நைல் நதியின் பிறப்பிடம் தேடி, 1866-இல் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குப் போனார் ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன். ஆண்டுகள் ஓடின, சேதி இல்லை. அவரைத் தேட 'நியூயார்க் ஹெரால்ட்' நாளிதழ் தன் நிருபர் ஹென்றி ஸ்டான்லியை அனுப்பியது. 1871 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலிருந்து கிளம்பிய அவரது குழு துணி, பாசிமணி, பித்தளைக் கம்பிகளைச் சுமந்து நடந்தது. வழியில் உணவு வாங்க அவைதான் பணம். நவம்பரில் டாங்கனிக்கா ஏரிக்கரையில், உஜிஜி என்ற ஊரில், மெலிந்துபோயிருந்த லிவிங்ஸ்டனைக் கண்டார் ஸ்டான்லி. உடல் தேறியும் ஊர் திரும்ப மறுத்த லிவிங்ஸ்டன், 1873-இல் இன்றைய சாம்பியாவில் காலமானார். அவர் உடலை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, மாதக்கணக்கில் சுமந்து கடற்கரை சேர்த்தவர்கள் சூசி, சூமா முதலான ஆப்பிரிக்கத் தோழர்கள். ஸ்டான்லியின் பெயரோடு இவர்கள் பெயரையும் நினைவில் வைப்போம்.