கொலன்னாவைக்குத் திரும்பி வந்த சொல்

கொலன்னாவையில் பொழுது விடிவதே பவுசர்களோடுதான். எண்ணெய் முனையத்தில் நிரப்பிக்கொண்டு, ஊருக்கு ஊர் பெற்றோலும் டீசலும் சுமந்து போகும் வண்டிகள் அவை. முனையத்தின் உள்ளே வட்ட வட்டமாகப் பெரிய பெரிய தாங்கிகள். வெளியே வீட்டுக் கூரைகளின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள். அவற்றில் ஒன்று வழியத் தொடங்கினால் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "டேங்க் நிரம்பி ஊத்துது மகன், மோட்டரை நிப்பாட்டு!" மகனோ வாசலில் மோட்டார் சைக்கிளை இடமும் வலமுமாக ஆட்டி, காதைச் சாய்த்து, உள்ளே பெற்றோல் சளசளக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பான். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், அந்தச் சத்தத்தை அளக்கத் தெரியாதவர் குறைவு. அவன் ஆட்டிப் பார்ப்பதும் டேங்க்தான்.

ஒரே தெருவில் ஒரே சொல் மூன்று பொருள்களுக்கு நிற்கிறது. ஆங்கிலேயரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல் என்றே இதை நினைக்கிறோம். அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால், வழி நம் பக்கத்து மண்ணுக்கே திரும்பி வருகிறது.

குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கும் குளத்துக்கும் 'டாங்க்கு', 'டாங்க்கே' என்பதுபோல ஒலிக்கும் சொற்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'டேங்க்' குறித்தது இந்தியக் குளத்தைத்தான். போர்த்துக்கேய மொழியிலும் 'டாங்க்கே' என்றொரு சொல் இருந்தது. ஓடும் நீரை மறித்து நிறுத்துவது என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது அது. இந்தியச் சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் மேற்குக் கரைத் துறைமுகங்களில் கலந்துவிட்டன. இந்தியச் சொல்லின் வேர் சமஸ்கிருதத் 'தடாக'மாக இருக்கலாம் என்போரும் உண்டு. அப்படியானால் நம் தடாகமும் அவர்களுடைய டேங்க்கும் ஒன்றுவிட்ட உறவு.

இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர், வன்னியிலும் அநுராதபுரத்திலும் கண்ட குளங்களை, வாவிகளை, வெவகளை எல்லாம் டேங்க் என்றே எழுதினார்கள். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் அவர்கள் வரைபடத்தில் 'ஜயன்ட்ஸ் டேங்க்' ஆயிற்று. ஏரி என்பதற்கான ஆங்கிலச் சொல் இயற்கையாய் அமைந்த நீர்நிலையைத்தான் சட்டென்று நினைவூட்டும். மனிதர் மண்ணை அணைத்துக் கட்டு எழுப்பி, மழைநீரை மறித்து, மதகு வைத்து, வயலுக்கு அளந்து விடும் ஒன்றைச் சொல்ல அவர்களிடம் பொருத்தமான சொல் இருக்கவில்லை. இந்த மண்டலத்தின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு பொருள் மெல்ல நகர்ந்தது. நீரை மறித்து வைக்கும் குளம், நீரை அடைத்து வைக்கும் தொட்டி ஆயிற்று. தொட்டிக்குள் எண்ணெய் வந்தது. அது இரும்பு உருளையாகி ரயிலிலும் லொறியிலும் ஏறியது. ஒவ்வொரு அடியும் சிறிய அடி. பத்து அடி நடந்தபின் திரும்பிப் பார்த்தால் தாமரை பூத்த குளமும் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டேங்க்கும் தொடர்பே இல்லாதவைபோலத் தெரிகின்றன.

தொடர்பு அறுந்துவிடவில்லை என்பதற்குக் கொலன்னாவை போன்ற முனையங்களின் அமைப்பே சாட்சி. எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றித் தாழ்ந்த மதிலோ மண் அணையோ எழுப்புவது வழக்கம். தாங்கி கசிந்தாலும் வெடித்தாலும் எண்ணெய் வெளியே பாயாமல் மறிப்பது அதன் வேலை. பொறியியலாளர் அதற்குச் சொல்லும் பெயர் 'பண்ட்'. நம் குளக்கட்டுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தார் சொல்லும் ஆங்கிலப் பெயர் அதுவே. பாரசீகத்தில் பிறந்து இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. குளத்துச் சொல் எண்ணெய்க்குப் போனபோது, கட்டுச் சொல்லும் கூடவே போயிருக்கிறது.

அடுத்த அடி மட்டும் தாவல். 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், அகழிகளைக் கடக்கும் கவச வண்டியொன்றை இரகசியமாகச் செய்தார்கள். எதிரிக்கு எட்டாதிருக்கப் பொய்ப் பெயர் தேவைப்பட்டது. மெசப்பத்தேமியாவுக்குப் போகும் தண்ணீர் காவி என்று சொல்லலாம் என்றார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கெழுத்து கழிப்பறையைக் குறிப்பதாக இருந்ததால், அந்த ஆண்டு டிசம்பரில் டேங்க் என்னும் பெயரைத் தெரிந்தெடுத்தார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்ஸின் சொம் போர்க்களத்தில் அந்த வண்டிகள் முதன்முறை உருண்டன. இரகசியம் அன்றோடு முடிந்தது. பொய்ப் பெயரோ உலக மொழிகள் பலவற்றில் மெய்ப் பெயராகிவிட்டது. குளத்தின் பெயர் பீரங்கி வண்டிக்குப் போய்ச் சேர்ந்த கதை இதுதான்.

இவை எல்லாம் ஓரிடத்தில் சந்திக்கும் மாவட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் இருக்கிறது. போரில் தகர்க்கப்பட்டு வீழ்ந்த பெரிய கொங்கிரீட் நீர்த்தாங்கி, போருக்குப் பின் ஏ-9 வீதியால் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்த காட்சியாக இருந்தது. யுத்த டாங்கிகளையும் அந்த மண் கண்டிருக்கிறது. 'கிளிநொச்சிக்கு அருகில் டேங்க் ஒன்று சேதமடைந்தது' என்று ஓர் ஆங்கில அறிக்கையில் ஒற்றை வரி மட்டும் இருந்தால், அதைத் தமிழாக்குபவர் என்ன எழுதுவார்? குளம் என்றால் அழிந்தது வயல். நீர்த்தாங்கி என்றால் நின்றது குடிநீர். டாங்கி என்றால் நடந்தது சண்டை. ஒரு சொல்லைத் தவறாகப் பிடித்தால் ஒரு ஊரின் துயரமே மாறிப்போகும்.

ஆனாலும் அன்றாடப் பேச்சில் நாம் தடுமாறுவதில்லை. காரணத்தைத் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். பல பொருள் கொண்ட ஒரு சொல்லுக்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றும் பொருளைத் தெளிவாக்கும் என்பது அவர் விதி. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. டேங்க்கையும் அதே மூன்று திறப்புகளால் திறந்து பார்க்கலாம். 'வான் பாய்ந்தது' என்ற வினை வந்தால் குளம். மதகு, வாய்க்கால், வயல் என்று இனச் சொற்கள் சூழ்ந்தாலும் குளமே. வினையும் இனமும் கை கொடுக்காதபோது சார்பு இருக்கிறது. முனையத்து வாசலில் நின்று சொன்னால் ஒன்று, கூரையைக் காட்டிச் சொன்னால் வேறு.

அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பதை 1979இல் டேவிட் ஸ்வின்னி என்னும் உளவியலாளர் சோதித்தார். பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என்று இரு பொருள் கொண்ட 'பக்' போன்ற ஆங்கிலச் சொற்களை வாக்கியங்களில் வைத்துக் கேட்கச் செய்தார். வாக்கியம் பூச்சியைத்தான் சொல்கிறது என்று தெளிவாக இருந்தபோதும், சொல் காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருளும் விழித்தெழுந்தன. மூன்று அசை கடந்தபின் பார்த்தால் பொருத்தமான பொருள் மட்டுமே எஞ்சியிருந்தது. அப்படியானால் அம்மா 'டேங்க்' என்று கூப்பிடும்போது, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த பொழுதுக்கு, மகனின் மனத்தில் பெற்றோலும் தண்ணீரும் ஒன்றாகவே அசைந்திருக்கலாம். 'மோட்டரை நிப்பாட்டு' என்பதற்குள் பெற்றோல் ஒதுங்கித் தண்ணீர் மட்டும் நின்றிருக்கும்.

நம் பத்திரிகைகள் கொலன்னாவை முனையத்தை எண்ணெய்க் குதம் என்று எழுதுகின்றன. குதம் என்பது போர்த்துக்கேயரின் 'குதாவ்' என்னும் பண்டகசாலைச் சொல்லோடு உறவுடையது. அது மலாய் மொழியின் 'குடாங்'கிலிருந்து வந்தது. மலாய்ச் சொல்லின் பின்னால் இருப்பது தமிழின் கிடங்கும் தெலுங்கின் 'கிட்டங்கி'யும் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். கிடங்கு கடல் சுற்றி குதமாக வந்தது போலவே, குளத்தின் பெயரும் எண்ணெய் சுமந்து திரும்பியிருக்கிறது.

வந்த சொல்லை இலங்கைத் தமிழ் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலியும் ஒத்து, பொருளும் ஒத்துப்போகும்படி தாங்கி என்று ஆக்கிக்கொண்டது. தாங்குவது தாங்கி. நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி என்று சொல்லும்போது அது இரவல் சொல்லாகவே தோன்றுவதில்லை. ஏனென்றால் அந்தப் பெயரில் நமக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஊர் வழிகளில், வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டுவைத்த சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போவதற்கான கல் அது. நான்கு நூற்றாண்டு அலைந்து, தண்ணீரும் எண்ணெயும் பீரங்கியும் சுமந்து வந்த ஒரு சொல், தமிழில் வந்து இறங்கியதும் அந்தக் கல்லின் பக்கத்தில்தான்.