நாய் நொண்டுகிறது, எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறோம்

மண்டைதீவில் நொண்டும் நாயைக் கண்டு யாரும் பதறுவதில்லை. பண்ணைத் தாம்போதி வழியே விரையும் வாகனங்களும், தெருச் சண்டைகளும், முட்கம்பி வேலிகளும் ஊர் நாய்களின் கால்களைப் பதம் பார்த்தபடியேதான் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு கிழமைக்குள் தாமாகவே தேறிவிடும். இந்தப் பழக்கம் ஒரு நோயை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. ஐந்தாறு வயதான ரொட்வைலரோ ஜேர்மன் ஷெப்பர்டோ, விழாமல் அடிபடாமல் நொண்டத் தொடங்கிப் பத்து நாள் கழிந்தும் காலை ஊன்ற மறுத்தால், அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. எலும்புப் புற்றுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நாய்களின் எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் 100க்கு 85 அளவில் ஒஸ்டியோசார்கோமா என்ற ஒரே வகை. எலும்பைக் கட்டும் கலங்களே கெட்டுப்போய், பயனற்ற எலும்பை ஒரு பக்கம் கட்டிக்கொண்டு, நல்ல எலும்பை மறுபக்கம் கரைக்கின்றன. இது பெரும்பாலும் தோன்றும் இடம், முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அல்லது தோள்மூட்டுக்கு அருகே. பின்னங்காலில் முழங்காலைச் சுற்றி. நாயின் உடற்பாரத்தில் ஏறக்குறைய 60 வீதத்தைத் தாங்குவதாலோ என்னவோ, முன்னங்கால்களுக்கு இது இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. ஏழு வயதை ஒட்டியே பெரும்பாலும் தலைகாட்டும். ஆனால் ஒன்றரை, இரண்டு வயதிலும் ஒரு சிறு கூட்டம் இதற்கு ஆளாகிறது என்பதால், இளம் நாய்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது.

மெலிந்த, இலகுவான உடல் கொண்ட நம் ஊர் நாய்க்கு இது அரிது. வேகமாக வளர்ந்து பெரிய உடம்பு எடுக்கும் சாதி நாய்களைத்தான் தேடி வருகிறது. ரொட்வைலர், கிரேட் டேன், சென்ட் பேர்னாட், கிரேஹவுண்ட் ஆகியவை இந்த வரிசையில் முன்னால் நிற்கின்றன. ஜேர்மன் ஷெப்பர்டும் லாப்ரடோரும் விலக்கல்ல. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, வீட்டுக்குக் காவலாகப் பெரிய நாய் வளர்ப்பது தீவகத்திலும் பழக்கமாகிவிட்ட காலம் இது. நாயோடு அதன் நோயும் ஊருக்கு வந்துவிட்டது என்பதை வளர்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாய் நொண்டினால் வீட்டில் முதலில் நடப்பது எண்ணெய் பூசி உருவுவதும், முறிவு நெரிவுக்குக் கட்டுவதுபோல் கட்டிவிடுவதும்தான். அன்போடு செய்வதுதான், ஆனால் இந்த நோயில் அது ஆபத்து. உள்ளே அரித்துப்போன எலும்பு, அழுத்தி உருவும்போது சட்டென முறிந்துவிடலாம். புற்றை முறிவென்று எண்ணுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1989இல் தோண்டியெடுத்த ஒரு டைனோசரின் பின்னங்கால் எலும்பை, முறிந்து பொருந்திய எலும்பு என்றே ஆய்வாளர்கள் முதலில் கருதியிருந்தார்கள். அது ஒஸ்டியோசார்கோமா என்று 2020இல்தான் வெளிவந்தது. அந்த விலங்கு வாழ்ந்தது 7 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

நொண்டும் காலை இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தால் நோயின் சாயல் தெரிந்துவிடும். ஓரிடத்தில் எலும்பு அரிபட்டும், அதன் ஓரத்தில் கதிர்கள் விரிவதுபோல் புதிய எலும்பு முளைத்தும் இருக்கும். மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்கு அது பெரும்பாலும் போகாது. எலும்பில் தொற்று ஏற்பட்டாலும் படம் ஏறக்குறைய இப்படியே காட்டும் என்பதால், ஊசியால் கலங்களை உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்வார்கள். நெஞ்சையும் எக்ஸ்ரே எடுப்பது கட்டாயம். ஏனென்றால் இந்தப் புற்று இரத்தத்தின் வழியே முதலில் நுரையீரலுக்குத்தான் போகிறது. நோய் கண்டறியப்படும் நாளில் 100 நாய்களில் 15க்கும் குறைவானவற்றிலேயே நுரையீரலில் கட்டி படத்தில் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாக அது ஏறக்குறைய 90 நாய்களில் ஏற்கனவே பரவியிருக்கும். இந்த நோயில் மனதைக் கனக்கச் செய்யும் உண்மை இதுதான், சிகிச்சைக் கணக்கு முழுவதும் இதிலிருந்தே தொடங்குகிறது.

அதற்கு முன் வலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாய் வலியைக் கத்திச் சொல்லாது. சாப்பாட்டைக் குறைக்கும், படியேற மறுக்கும், தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எலும்பு உள்ளிருந்து கரையும் வலி மிகக் கொடியது. அதைத் தணிக்க வீட்டிலிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மனிதர் அளவில் கொடுக்கும் பனடோல் ஈரலைக் கெடுக்கலாம். நாய்க்கென்று மெலொக்சிகாம், கார்ப்ரொஃபென் போன்றவை இருக்கின்றன. அளவை மிருக வைத்தியர் சொல்ல வேண்டும். அவற்றோடு ஸ்டீரொயிட் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது மிக ஆபத்தானது.

இனி காலை எடுப்பது பற்றி. வைத்தியர் இதைச் சொன்னதுமே பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. அதன் காரணம் எனக்கு விளங்குகிறது. மிதிவெடியும் எறிகணையும் மனிதர்களின் கால்களைப் பறித்த மண் இது. செயற்கைக் கால் பொருத்த வரிசையில் நின்றவர்கள் நம் உறவுகள். அந்த நினைவோடு வாழும் ஒருவர், வாய் பேசாத சீவனின் காலை வெட்டச் சம்மதிக்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் நாயின் நிலை வேறு. அது ஏற்கனவே மூன்று காலில்தான் நடக்கிறது, நான்காவது கால் அதற்கு வலியை மட்டுமே தருகிறது. அந்தக் காலை எடுத்தால் வலியின் ஊற்றே போய்விடுகிறது. முன்னங்கால் என்றால் தோள்பட்டை எலும்போடும், பின்னங்கால் என்றால் இடுப்பு மூட்டோடும் எடுப்பார்கள். பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நடக்கும். ஒரு மாதத்துக்குள் பழகி ஓடவும் தொடங்கும். கால் போனதை எண்ணி வெட்கமோ துக்கமோ அதற்கு இல்லை. உடல் மிகப் பருத்த நாய்க்கும், மற்றக் கால்களின் மூட்டுகள் தேய்ந்துவிட்ட நாய்க்கும் மட்டுமே இது பொருந்தாமல் போகலாம்.

ஆயினும் காலை எடுப்பதோடு நோய் தீர்வதில்லை. அத்தோடு நிறுத்தினால் நாய் நான்கு ஐந்து மாதங்களே வாழ்கிறது. அதன்பின் கார்போபிளாட்டின் என்ற மருந்தை மூன்று கிழமைக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை ஊசி வழியே ஏற்றினால் அந்தக் காலம் பத்துப் பன்னிரண்டு மாதங்களாக நீள்கிறது. ஐந்தில் ஒரு நாய் இரண்டு வருடத்தைக் கடக்கிறது. மனிதர்கள் கீமோவில் படும் பாட்டை நாய்கள் அந்த அளவுக்குப் படுவதில்லை. ஓரிரு நாள் ஓங்காளம், இரண்டாம் கிழமையில் வெண்குருதிக் கலங்கள் குறைந்து தொற்று வரும் அபாயம், இவ்வளவே வழக்கம். மருந்து ஏற்றிய சில நாட்களுக்கு நாயின் மலசலத்தைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. நம் தீவுகளில் நன்னீர் கிடைப்பது பெரும்பாலும் ஆழமற்ற கிணறுகளில்தான். எனவே அந்த நாட்களில் நாயைக் கிணற்றடியில் கட்டி வைக்காதீர்கள்.

இதெல்லாம் தீவகத்தில் இருப்பவருக்கு எட்டுமா என்று கேட்பது நியாயமே. நெடுந்தீவு, நயினாதீவு என்றால் குறிகட்டுவான் வரை படகிலேயே நாயைக் கொண்டுவர வேண்டும். பெரிய சத்திரசிகிச்சைக்கும் கீமோவுக்கும் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையைத்தான் நாட வேண்டிவரும். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்வரை வடக்கின் மனிதர்கள் பலரும் மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இப்படித்தான் அலைந்தார்கள். வடக்கில் கால்நடை வைத்தியம் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழியை மையமாகக் கொண்டே கட்டப்பட்டது. வீட்டு நாய்க்கு எக்ஸ்ரேயும் சத்திரசிகிச்சையும் யாழ்ப்பாணத்திலேயே எளிதாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று மாகாண நிர்வாகத்திடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாய்களின் இந்தப் புற்றை ஆராய்வதில் மனிதக் குழந்தைகளுக்கும் நன்மை இருக்கிறது. பதின்ம வயதினரின் முழங்காலருகே வரும் அதே புற்று இது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மனிதர்களுக்கும் 10,000க்கு மேற்பட்ட நாய்களுக்கும் வருகிறது. காலை வெட்டாமல் புற்றுள்ள எலும்பை மட்டும் மாற்றும் சத்திரசிகிச்சையை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியர் ஸ்டீபன் வித்ரோவின் குழு நாய்களில் வளர்த்தெடுத்தது. அங்கு கற்றவை பிள்ளைகளின் சிகிச்சைக்கும் பயன்பட்டன.

பேராதனைக்குப் போக முடியாதவருக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. மனிதரின் எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பமிட்ரோனேற், சொலெட்ரோனேற் வகை மருந்துகள் எலும்பைக் கரைக்கும் கலங்களை அடக்கி வலியைக் குறைக்கின்றன. அவற்றை மாதம் ஒருமுறை சேலைனில் ஏற்றலாம். வலி மாத்திரைகளையும் சேர்த்தால் நாய்க்குச் சில நல்ல கிழமைகள் கிடைக்கும். அது வழுக்கி விழாதபடி தரையில் சாக்கு விரித்து வைக்க வேண்டும். ஓடவோ பாயவோ விடக் கூடாது.

கருத்தடை பற்றியும் ஒரு சொல். ரொட்வைலர் நாய்களை ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் வாழ்நாளில் நாலில் ஒன்றுக்கு எலும்புப் புற்று வருவதாக அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வு கண்டது. பெரிய சாதி நாயின் கருத்தடைக் காலத்தை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். ஊர் நாய்களின் பெருக்கத்தைத் தடுக்கும் வேலைக்கு இதைக் காரணம் காட்டித் தடை போடாதீர்கள்.

மருந்துக்கும் வலி அடங்காத நாள் வரும். அப்போது வைத்தியர் முதலில் மயக்க ஊசியும் பிறகு இதயத்தை நிறுத்தும் ஊசியும் போடுவார். நாய் தூக்கத்திலேயே போய்விடும். தலையைத் தடவிக்கொண்டு வீட்டார் பக்கத்தில் இருக்கலாம். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். காகமோ வேறு நாயோ கிளறித் தின்றால் அவையும் சாகும். ஆகவே கிணற்றிலிருந்து நன்கு தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் அடுக்கிவிடுங்கள்.