ஈறுக்குத் தடை, எலும்புக்கு வழி

மலேசியாவின் பாலோ வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லாலான் புல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பனைக் கன்றை நட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டால் இடம் லாலானுக்குத்தான். கன்று மெதுவாக வேர்பிடிக்கும்; புல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஈறு நோயில் கரைந்த தாடை எலும்பை மீண்டும் வளர்க்கும் சிகிச்சைக்கும் இதே தலைவலிதான்.

பல்லின் வேரை எலும்போடு கட்டிப் பிடித்திருப்பது ஒரு மெல்லிய நார்ப்படலம். பல்லில் படியும் அழுக்கு கல்லாக இறுகி ஈறுக்கடியில் இறங்கினால், கிருமிகளோடு உடல் போடும் சண்டையில் நாரும் எலும்பும் சேர்ந்தே அழிகின்றன. 1 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டிய ஈறு இடுக்கு 6, 7 மி.மீ. குழியாகிவிடுகிறது. பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பல் ஆட ஆரம்பித்த பிறகே பலர் கிளினிக் படியேறுகிறார்கள்.

ஈறைத் திறந்து வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் புண் ஆறும். ஆனால் ஈறின் மேல்தோல் செல்கள் முந்திக்கொண்டு வேர் வழியாக இறங்கிவிடும். எலும்பும் நாரும் வந்து சேர்வதற்குள் இடம் போய்விடும். வேர்ப்பரப்பை எந்தச் செல் முதலில் பிடிக்கிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று 1976இல் சொன்னவர் கனடாவின் மெல்ச்சர். சுவீடனில் நைமன், லின்டே குழுவினர் 1982இல் அதை மனிதரிடமே சோதித்தார்கள். ஈறின் செல்கள் இறங்காதபடி ஈறுக்கும் வேருக்கும் நடுவே ஒரு வடிதாளை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லைச் சுற்றியிருந்த திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, வேரில் புதிய நார்ப்பிடிப்பு உருவாகியிருந்தது.

இந்தச் சிகிச்சையில் ஆரம்பத்தில் பயன்பட்ட டெஃப்லான் தடுப்பை எடுக்க இன்னொரு அறுவை வேண்டியிருந்தது. இப்போது தானே கரையும் கொலாஜன் படலம் வந்துவிட்டது. ஆழக் குழியில் எலும்புத் துகளும் நிரப்புவார்கள். நம் ஊரில் இங்கே ஒரு கேள்வி எழும்: இவையெல்லாம் எதிலிருந்து வருகின்றன? கொலாஜன் பல சமயம் பன்றியிலிருந்து; துகள் பெரும்பாலும் மாட்டெலும்பிலிருந்து. கிளந்தான் குபாங் கிரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கியே மாட்டெலும்பைப் பதப்படுத்துகிறது. வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டும் அவரவர் எலும்பும் உண்டு. வெட்கப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஈறு மட்டும் இறங்கி வேர் தெரிந்தால் வழி வேறு. மேலண்ணத்திலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து அங்கே ஒட்டித் தைக்கிறார்கள். ஈறை வளர்க்கும் எண்ணெய் என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம்; கொப்பளித்து வளர்ந்த எலும்பு இதுவரை இல்லை.

எலும்பை வளர்க்கும் சிகிச்சை எல்லாருக்கும் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். குறுகலாக, ஆழமாக, சுற்றிலும் எலும்புச் சுவர் மிஞ்சியிருக்கும் குழிதான் நன்றாக நிரம்பும். வரிசை முழுவதும் சமமாகத் தேய்ந்த எலும்பை மீட்பது மிகக் கடினம். புகைபிடிப்பவர்களுக்குப் பலன் குறைவு. கட்டுப்படாத இனிப்பு நீர் இருந்தால் புண் ஆறுவதே சிரமம். 2019 தேசிய ஆய்வில் நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. ஆகவே மருத்துவர் கத்தியை எடுக்கும் முன் சர்க்கரை அளவைக் கேட்பார். பல் துலக்கும் பழக்கத்தைத் திருத்துவார். சாதாரணச் சுத்திகரிப்பைச் செய்துவிட்டுச் சில வாரம் காத்திருந்து குழியின் ஆழத்தை மறுபடி அளப்பார். அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் வரை அந்த இடத்தில் அளவுக்கம்பியை நுழைப்பதில்லை. முளைக்கும் திசு அதற்கே பிய்ந்துவிடக்கூடும்.