நெஞ்சுக்கு ஏறுமா காப்பர்-டி?

ஆஸ்பத்திரி வராந்தாவில் 11 பெண்கள். நடுவில் நான் ஒருத்தன்! பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். பயந்துபோன மனைவிக்கு என்ன சொல்வது என்று எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இல்லையே!

முதல் குழந்தை சிசேரியன். 'அடுத்ததுக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேணும்' என்று கண்டிப்பாகச் சொன்ன டாக்டரம்மா, காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டில் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "வேண்டாம்டா... அந்தக் கம்பி மேலே ஏறி நெஞ்சுல மாட்டிக்குமாம்!" அன்று ராத்திரி மனைவி தூங்கவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். 'டி' வடிவ பிளாஸ்டிக், அதில் சுற்றிய செம்புக் கம்பி, வாலாக இரண்டு நூல். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் குட்டை. இவ்வளவுதானா!

"கர்ப்பப்பையிலேருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது சார். போடும்போது பையோட சுவரைத் துளைக்கிறது ஆயிரத்துல ஒருத்தருக்கு நடக்கலாம். அப்பவும் வயித்துக்குள்ளதான் இருக்கும், எடுத்துடலாம்" என்றார்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அது விந்தணுவுக்கு விஷம். நீந்தும் சக்தி போய்விட, கருமுட்டையைப் போய்ச் சேர முடியாது. கருவைக் கலைப்பதல்ல, பெரும்பாலும் கரு உண்டாவதற்கு முன்னாலேயே தடுப்பதுதான் இதன் வேலை. ஹார்மோன் வைத்த இன்னொரு ரகம், கர்ப்பப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கிக் கதவைச் சாத்திவிடுமாம்.

'380 ஏ' என்ற ரகம் 10 வருஷம் உழைக்கும். முதல் வருஷத்தில் தவறிப்போவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. முதல் சில மாதங்கள் தீட்டு அதிகமாகலாம், வயிறு வலிக்கலாம். எய்ட்ஸ் போன்ற நோய்களை இது தடுக்காது.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வேண்டாம்னா எப்ப எடுக்கலாம்?"

"நீ எப்ப கேட்டாலும். எடுத்துட்டா மறுபடி குழந்தை உண்டாகும்மா."

அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தமே வந்தது.

சாயந்திரம் வீட்டில் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "என்னையும்தான் போடச் சொன்னாங்க. இதே நெஞ்சுக் கதையைச் சொல்லி எங்க மாமியார் தடுத்துட்டாங்க. உனக்கும் தங்கச்சிக்கும் 11 மாசம்தான் வித்தியாசம். நான் பொழைச்சதே பெரிசு" என்றாள்.

முப்பது வருஷமாக எனக்குத் தெரியாத கணக்கு!