நிறமும் நலமும்

மேலைநாடுகளிலே வெண்ணிற மேனியர் பலர், புற ஊதா விளக்குகள் பொருத்திய படுக்கையில் கிடந்து தம் உடலைப் பழுப்பாக்கிக் கொள்வர். அக்கதிர்கள் புற்றுநோயை விளைவிப்பன என உறுதிசெய்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2009ஆம் ஆண்டில் புகையிலை இடம்பெற்றுள்ள முதற்பிரிவிலேயே அப்படுக்கைகளையும் சேர்த்தது. அவ்வாண்டே பிரேசில் நாடு, அழகுக்காக அவற்றைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

பட்டாசை வெயிலில் உலர்த்திப் பிழைக்கும் சிவகாசி மக்களுக்கு இது நகைப்பைத் தரலாம். ஆயின், அவர்கள் கறுக்க விழைவதுபோல் நாம் வெளுக்க விழைகிறோம். நம் அச்சகங்களின் நாட்காட்டிகளிலேனும் கரிய முகம் ஒன்றைக் காண்பது அரிதன்றோ!

தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. கதிரவனின் கடுமையைத் தாங்கும் இயற்கைக் குடை அதுவே. சில சிவப்பழகுக் களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம், இந்நிறமி உருவாவதைத் தடுக்கிறது. முகம் வெளுப்பது உண்மையே. ஆனால் அப்பாதரசம் தோல்வழியே குருதியிற் கலந்து சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் இதனை நேரிற் கண்டனர். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தோர் 22 பேர். அவருள் 15 பேரிடம் அரிதான ஒரே அடையாளம் காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்!

இந்திய விதிகள் அழகுப்பொருள்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடைசெய்துள்ளன. எனினும், உட்பொருள் விவரமோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத குப்பிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. பொன், வெள்ளி நகைகளில் படாமற் பூசுக என்ற குறிப்பிருப்பின் ஐயமே வேண்டா. பொன்னோடு கலந்து அதனை வெளுக்கச் செய்வது பாதரசத்தின் இயல்பு. தங்க வளையலுக்கு அஞ்சுவோர் முகத்துக்கு அஞ்சுவதில்லை!

ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் வேறுவகைத் தீங்கு செய்வன. தோல் மெலியும், பருக்கள் தோன்றும், முகத்தில் மயிர் அரும்பும், நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் மிகும். 2018இல் இத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென நடுவணரசு ஆணையிட்டது. மெலிந்த தோலுடன் உலர்த்துகளத்தில் நாள்முழுதும் நிற்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மண்ணுலக மாந்தரின் நிற வேறுபாட்டை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் எண்ணுகிறது. பெண் பார்க்கச் செல்லும் பெரியோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். குப்பியை வாங்கும் பெண்ணைவிட, அதனை வாங்கத் தூண்டுவோர்க்கே பொறுப்பு மிகுதி.

இத்தகைய களிம்பைப் பூசிவருவோர்க்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நீங்காத நுரையோ காணின், களிம்பை உடனே நிறுத்தி, அக்குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரை அணுகுதல் வேண்டும். கோட்டக்கல்லில் பெரும்பாலோர் பூசுவதை நிறுத்திய பின்னர் நலமடைந்தனர்.