எண்ண வேண்டியது எதை?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவில் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். பெட்டி நன்றாக வந்திருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: பின்னல் இறுக்கமா, மூடி பொருந்துகிறதா?

அதையே படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அளவுகோல் மாறிவிடுகிறது. எத்தனை லைக்? எத்தனை ஃபாலோயர்? அந்த எண் பின்னலின் தரத்தைச் சொல்வதில்லை. பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வது அந்த நிறுவனத்தின் கணினி நிரல். ஓவியம் வரையும், கிராஅத் ஓதும் நம் பிள்ளைகள் எண் குறைந்ததும் தங்களுக்குத் திறமையில்லை என்று சோர்ந்துபோவது இதை அறியாததால்தான்.

'அதிகம் சேர்க்கும் போட்டி' பற்றி குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு: 102-வது, அத்தகாஸுர். பக்தாதில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), தம் நோக்கம் புகழாகிவிட்டதே என்று அஞ்சி 1095-ல் பதவியைத் துறந்தார். எழுதுவதை விடவில்லை, 'இஹ்யா' அதன் பிறகே உருவானது. அதில் புகழாசைக்கும் முகஸ்துதிக்கும் தனிப் பகுதி உண்டு.

நாமும் கலையை விட வேண்டியதில்லை. 2021 முதல் இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கலாம், மறைத்துவிடுங்கள். ஃபாலோயர் எண்ணை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். விற்பனைக்காகப் பதிவிடுவது தவறல்ல; அப்போது எண்ண வேண்டியது ஆர்டர்களை. பெற்றோரே, "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் புதிதாக என்ன கற்றாய்?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் செயல்களில் இக்லாஸைத் தருவானாக. ஆமீன்.